ஒன்பதாம் கம்பத்துப் பூட்டு

அந்தப் படகுத்துறையில் அவளுக்குப் பாய்லர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் படகு உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. நாற்பத்தாறு வயது. முகத்துவாரத்தின் இந்தக் கரையிலிருந்து அக்கரை மருத்துவமனைக்கு எட்டுப் பேர் உட்காரும் படகை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறாள். ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து படகைச் சரிக்கிறவர்களை, ஏறும்போது செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கூச்சல் போடுகிறவர்களை, நடு ஆற்றில் எழுந்து நின்று போன் பேசுகிறவர்களை அவள் திட்டுகிற திட்டு இரண்டு கரைக்கும் கேட்கும். ஆனால் பிரசவ வலியில் துடித்த பெண்ணை எதிர்நீரோட்டத்தில் பதினோரு நிமிடத்தில் அக்கரை சேர்த்தவளும் அவள்தான். அன்றைக்கும் அந்தப் பெண்ணின் புருஷனைத் திட்டிக்கொண்டேதான் போனாள்.

அப்படிப்பட்டவளுடைய மோட்டாரை ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பட்டப்பகலில் போனது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அந்தத் துறையில் படகு நடை கிடையாது. அவள் படகை ஒன்பதாம் கம்பத்தில் கட்டி, மோட்டாரைப் படகின் பின்பலகையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குக் குடையோடு வந்து பார்த்தால் படகு இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, பயணிகள் உட்காரும் பலகைமேல் விரித்த தார்ப்பாய்கூட இருக்கிறது. பின்பலகை மட்டும் பல் பிடுங்கிய வாய் மாதிரி வெறுமையாக இருந்தது. மோட்டாரின் இறுக்குத் திருகுகள் இருபது வருடமாக அழுத்தி உண்டாக்கிய இரண்டு வட்டத் தழும்புகளில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது.

பின்பலகையின் இரும்பு வளையத்தில் இரண்டு சுற்றாகச் சங்கிலி இருந்தது. சங்கிலியில் பூட்டும் இருந்தது. சாவித்துவாரம் கீழே பார்த்தபடி அது பூட்டியே இருந்தது.

அந்தப் பூட்டுதான் அவள் மானத்தை வாங்கியது. துறை அதிகாரி கரையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். சங்கிலி அறுபடவில்லை, பூட்டு உடையவில்லை, வளையம் நெளியவில்லை. அப்புறம் மோட்டார் எப்படிப் போகும் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. காப்பீட்டுக்காகச் சொந்தக்காரர்களே மோட்டாரை ஒளித்துவைப்பது தனக்குத் தெரியாததல்ல என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, புகார்த் தாளின் ஓரத்தில் 'உரிமையாளர்மீதே ஐயம்' என்று எழுதினார். தலைகீழாக இருந்தாலும் அந்த எழுத்தை அவளால் படிக்க முடிந்தது. மேஜைமேல் இருந்த மை ஒற்றும் கட்டையை அவர்மேல் வீச அவள் எடுத்தாள்; அவளுடைய கணவர் அதை மெல்ல வாங்கித் திரும்ப வைத்தார்.

கணவர் தையல்காரர். படகைப் பார்த்தாலே குமட்டல் வரும் மனிதர்; கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவியின் படகில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறார், இறங்கும்போது இரண்டு பேர் தூக்கினார்கள். விஷயம் அவருக்கும் புரிந்திருந்தது. போனது மோட்டார் மட்டுமில்லை. துறையின் விதிப்படி, பயணிப் படகு தொடர்ந்து ஏழு நாள் ஒரு நடைகூட ஓடாவிட்டால், ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அதன் கம்பம் பறிபோகும். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். கம்பம் இல்லாத படகு பயணி ஏற்றக் கூடாது. இன்னொரு மோட்டாரை இரவல் வாங்கி மாட்டலாம் என்றால், உரிமத்தில் எழுதிய எண்ணுள்ள மோட்டார்தான் ஓட வேண்டும். மூன்றாம் நாள் அவள் வெறும் துடுப்பைப் போட்டு, உள்ளங்கை தோலுரிய, அக்கரை போய்த் திரும்பினாள். துடுப்பு நடை நடையில் சேராது என்று அதிகாரி ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் கம்பம் அவளுடைய அப்பா நட்டது. நீர்மட்டம் இறங்கும்போது கம்பத்தின் அடியில் ஆழம் அளக்க அவர் வெட்டிய கோடுகள் தெரியும். அதை இழந்தால் அவள் வெறும் கோபக்காரி. கம்பம் இருக்கிறவரைதான் பாய்லர்.

யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டால் யாரையும் சொல்லலாம். அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. படகுக்காரர்கள் எல்லாரும் தங்கள் பூட்டின் இரண்டாவது சாவியைக் காவல் அறையில் ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டிவைப்பார்கள். திடீரென்று சூறைக்காற்று வந்தால், மோட்டார்களைக் கழற்றிக் கரையேற்றி, கம்பத்தோடு மோதி நொறுங்காமல் படகுகளை அவிழ்த்து உள்வாய்க்காலுக்கு இழுக்க வேண்டும். அப்போது வீட்டுக்கு ஓடிச் சாவி எடுத்துவர நேரமிருக்காது. யார் படகை யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். முப்பது வருடமாக அந்தப் பலகைக்கு ஒரு கதவுகூடக் கிடையாது. அங்கிருந்து எதுவும் திருட்டுப் போனதில்லை என்பதால் அதிகாரியும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த அறையின் காவலாள் அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணன் அழாத குறையாக நின்றான். மழைக்கு ஒதுங்கிக் கொஞ்சம் கண்ணசந்துவிட்டதாகவும், அந்த நேரத்தில் எவனோ சாவியை எடுத்துவிட்டு மறுபடி மாட்டியிருக்க வேண்டும் என்றும் சொன்னான். அவள் எல்லாரையும் திட்டினாள். பக்கத்துக் கம்பத்துக்காரனை, டீசல் விற்கிறவனை, மழையை, அதிகாரியை, சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்ட கணவரை. அண்ணனைத் திட்டவில்லை. பாவம், அவன் என்ன செய்வான் என்று தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

ஏழாம் நாள் பிற்பகல் அவள் அந்தப் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனாள். விற்றவனையாவது நாலு கேள்வி கேட்டால்தான் நெஞ்சு ஆறும் போலிருந்தது. கணவர் பின்னாலேயே ஓடினார். கடைக்காரர் அவருடைய வாடிக்கையாளர், கால்சட்டை இரண்டு தைத்து முடிக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் இவளுக்கெல்லாம் அசையாத பேர்வழி. அவள் பூட்டைக் கல்லாமேல் வைத்து, இதே சாவி வேறு யாருக்காவது விற்றாயா, இது பூட்டா பொம்மையா என்று சத்தம் போட்டாள். சாவியைப் போட்டுத் திறந்து காட்டினாள். நாக்கைப் பார், நெம்பின கீறல்கூட இல்லை என்றாள். சொல்லிக்கொண்டே, பேச்சு முடிவதற்குள், டக்கென்று பூட்டை அழுத்தி மூடினாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"உங்க குடும்பத்துக்கே இந்த வியாதியா?"

"என்ன வியாதி?"

"திறந்த பூட்டைக் கண்டா கை சும்மா இருக்காதா? முந்தாநாள் உங்க அண்ணன் வந்தாரு. ஸ்பார்க் பிளக்கு வேணும்னாரு. உள்ள போய் எடுத்துட்டு வரேன், அதுக்குள்ள மாதிரிக்கு வச்சிருந்த மூணு பூட்டையும் பூட்டிட்டு நிக்கிறாரு. ஒண்ணுக்கு இன்னும் சாவி கிடைக்கலை. நீங்க வேற வந்து பூட்டுறீங்க."

"பிளக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா? மோட்டாருக்குத்தான். நீங்க வழக்கமா வாங்குவீங்களே, பதினஞ்சு குதிரைசக்தி மோட்டாருக்கு, அதே பிளக்கு. உங்களுக்குன்னுல்ல நினைச்சேன்."

சுற்றி நின்ற ஆணி மூட்டையும் கயிற்றுச் சுருளும் அவள் கண்ணில் ஒருமுறை சுழன்று நின்றன. அண்ணனுக்குப் பழைய படகு ஒன்று கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாதவனுக்குப் பிளக் எதற்கு?

அப்புறம்தான் அவள் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். அதிகாரி கேட்ட கேள்வியை ஏழு நாளாகத் தப்பாகவே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பூட்டு எப்படித் திறந்தது என்பதே எல்லாருக்கும் கேள்வி. எடுத்தவன் அதை ஏன் திரும்பப் பூட்டினான் என்று யாருமே கேட்கவில்லை. வெளியூர்த் திருடன் சாவி கிடைத்தால் திறப்பான், மோட்டாரைத் தூக்குவான், பூட்டைத் தண்ணீரில் எறிவான். மழையில் நனைந்துகொண்டே, சங்கிலியை வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி, சாவித்துவாரம் கீழே பார்க்கும்படி திருப்பி, மெனக்கெட்டு எவன் பூட்டுவான்? அப்படிப் பூட்டுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இரும்புக் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பத்து. அப்பாவின் பூட்டை அண்ணன் திறந்தபடி படகு விளிம்பில் வைத்தான். படகு ஆடியது, பூட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பா அடிக்கவில்லை. போய் எடுத்துக்கொண்டு வா என்றார். அவ்வளவுதான். அண்ணன் குதித்தான், வெறுங்கையோடு வந்தான். மறுபடி குதித்தான். பதினேழாவது தடவை சேற்றோடு பூட்டும் வந்தது. மூக்கிலிருந்து ரத்தமும் வந்தது. திறந்த பூட்டைக் கையிலிருந்து விடாதே, முதலில் மூடு, பிறகு விடு என்று அப்பா அன்றைக்குச் சொன்ன பாடம் இரண்டு பிள்ளைகளின் விரலிலும் ஏறிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில்கூட ஆள் உள்ளே இருக்கும்போதே அண்ணன் அறையைப் பூட்டிவிட்டு வந்ததாக ஊரே சிரிக்கும்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவரைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். நடையா அது? எதிரே வந்த சைக்கிள்காரன் தானாகவே இறங்கி ஓரம் போனான். அண்ணன் வீட்டு வாசலில் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கையிலிருந்த ஈரப் போர்வை அப்படியே தரையில் விழுந்தது.  அண்ணி பின்கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பின்கட்டில் ஒரு பெரிய நீலப் பீப்பாய். குறுக்கே ஒரு கட்டை. கட்டையில் அவளுடைய மோட்டார் நிமிர்ந்து நின்றது. பீப்பாய் நிறைய நல்ல தண்ணீர். உப்புத்தண்ணீரில் ஓடிய மோட்டாரைக் கழற்றினால் நல்ல தண்ணீரில் கால்மணி நேரம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அரித்துவிடும். அதை அண்ணன் செய்திருந்தான். மேல்மூடியைக் கழற்றி, பழைய எண்ணெயைத் துடைத்து, புதுப் பிளக் மாட்டி, தண்ணீரைத் தள்ளும் விசிறியின் கீறலைக்கூட அரத்தால் தேய்த்துச் சமன் செய்திருந்தான். அவள் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை. முழங்கை வரை மசகோடு அவன் திரும்பினான்.

தான் கத்தப் போகிறோம் என்று அவள் நினைத்தாள். குரல் வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"விக்கிறதுக்கு எடுக்கலை," என்றான் அண்ணன். "சத்தியமா விக்கிறதுக்கு எடுக்கலை."

"தெரியும். கம்பத்துக்குக் காத்திருக்கிற பட்டியல்ல முதல் பேரு உன்னோடதுதானே?"

அவன் துணியில் விரலைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக.

"இன்னைக்கு அஞ்சு மணி தாண்டினா கம்பம் உனக்கு. நாளைக்கு இந்த மோட்டார் எண்ணைத் தேய்ச்சு மாத்தி, உன் படகுல மாட்டிக்கிட்டு, உரிமம் உன் பேருல எழுதிக்கிட்டு, என்னையே அக்கரைக்கு ஏத்திக்கிட்டுப் போவே. அப்படித்தானே?"

"கம்பம் எனக்கு வரவேண்டியது. நான் மூத்தவன். நான் கப்பல் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அப்பா படகையும் கம்பத்தையும் உன் பேருல எழுதிட்டாரு. எனக்கு என்ன மிஞ்சிச்சு? நீ கட்டுற படகுக்கு நான் காவல். இருபது வருஷமா உன் சாவியை ஆணியில மாட்டி மாட்டி எடுக்கிறேன்."

"பத்து வருஷம் ஒரு கடுதாசி போட்டியா? அவரு படுத்த படுக்கையா இருந்தப்போ எவன் துடுப்பைப் பிடிச்சான்? நான் பிடிச்சேன்."

"நீ பேசாதே," என்றான் அவன்.  "அன்னைக்கு நான் தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் செத்துக்கிட்டிருந்தேன். நீ கரையில உக்காந்து எண்ணினே. ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணினே. ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கினப்பவும் உன் சத்தம்தான் கேட்டுச்சு. இன்னும் கேக்குது."

நாற்பது வருடம் இதையா ஒரு மனிதன் சுமந்துகொண்டு திரிந்தான்? தங்கையின் குழந்தைக் குரலையா? அவள் நெஞ்சுக்குள் என்னவோ பிளந்தது. ஆனால் அந்தப் பிளவிலிருந்து வந்ததும் கோபம்தான்.

"எண்ணினேன். நீ உள்ள போனா எப்ப மேல வருவேன்னு தெரியாம, அழுதுக்கிட்டே எண்ணினேன். எண்ணிக்கிட்டே இருந்தா வந்துருவேன்னு நினைச்சேன். பதினேழு தடவை நீ சாகலைன்னு எண்ணினேன்டா. அதுக்கு நீ எனக்குக் கொடுத்த பரிசு இதா?"

அண்ணனை வாழ்நாளில் முதல் தடவையாக 'டா' போட்டாள். அண்ணி உள்ளே விசும்புவது கேட்டது. அவன் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். அவளும் ஒரு கணம் அவன் நரைத்த தலையைப் பார்த்தாள். அதே தலைதான் ஏழு நாள் முன்பு, மழைக்கு ஒதுங்கிக் கண்ணசந்துவிட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அதிகாரி அவளைத் திருடி என்று எழுதியபோது பக்கத்திலேயே நின்றது.

"எந்திரி," என்றாள். "தூக்கு."

அவன் தூக்கினான். நாற்பது கிலோ மோட்டார். தோளில் வைத்துக்கொண்டு தெருவோடு நடந்தான். அவள் மூன்றடி பின்னால் வந்தாள். காற்று வரும் நாட்களில் அவன் மோட்டார் சுமப்பதைத் துறை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறது. காவலாள் தோளில் மோட்டார் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு மழையில் அவன் தப்பித்ததும் அந்தத் தைரியத்தில்தான். ஆனால் இப்போது பின்னால் பாய்லர் வாய் திறக்காமல் வருகிறாள். அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் ஆட்கள் வெளியே வந்தார்கள். டீசல் விற்கிறவன் குழாயை மூட மறந்து நின்றான். நாலு மணி நடைக்குக் காத்திருந்த நர்ஸ் பெண் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

துறை அதிகாரி கணக்கு நோட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். எங்கே கிடைத்தது என்று அவளைத்தான் கேட்டார். ஒளித்து வைத்த இடம் ஞாபகம் வந்துவிட்டதா என்கிற சிரிப்பு மீசைக்குக் கீழே தயாராக இருந்தது.

 அவள் அண்ணனைப் பார்த்தாள். வழியிலேயே சொல்லியிருந்தாள்: நான் வாயைத் திறக்க மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு அண்ணன் கிடையாது.

அவன் தோளில் இருந்த பாரத்தை ஒருமுறை தூக்கிச் சரிசெய்துகொண்டான். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றான் கடைசியில். "அவ பூட்டித்தான் வச்சிருந்தா. நான்தான்."

அதிகாரியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. புகார்த் தாளைக் கொண்டுவரச் சொல்லி, ஓரத்தில் எழுதியதை அவர் கையாலேயே அடிக்கச் சொன்னாள். ஒரு கோடு போதாது என்றாள். எழுத்து தெரியாதபடி அடிக்க வைத்தாள். காவல் நிலையத்துக்கு எழுதட்டுமா என்று அவர் தணிந்த குரலில் கேட்டார். எழுதுங்கள் என்றாள். கணவர் எங்கிருந்தோ ஓடிவந்து, "ஏம்மா, கூடப் பொறந்தவன்…" என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் படகில் இறங்கி மோட்டாரைப் பின்பலகையில் வைத்தான். பழைய வட்டத் தழும்புகளில் திருகுகள் சரியாகப் பொருந்தின. இறுக்கினான். சங்கிலியை இரண்டு சுற்று சுற்றினான். அவளிடமிருந்து பூட்டைச் சாவியோடு வாங்கிப் போட்டு, சாவித்துவாரத்தைக் கீழே திருப்பி, டக்கென்று மூடினான். மூடிய பிறகுதான் நிமிர்ந்தான். இப்போது ஓட்டப் போகிற மோட்டாருக்கு அந்தப் பூட்டு தேவையே இல்லை. இருந்தும் அவன் விரல்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

பின்னால் சலசலவென்று சத்தம். படகுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காவல் அறைக்குள் போய், பலகையிலிருந்த தங்கள் சாவியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனி சூறைக்காற்று வந்தால் ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து சாவியோடு ஓடிவர வேண்டும். வருவதற்குள் நாலு படகாவது நொறுங்கும். முப்பது வருடப் பழக்கம் அரைமணி நேரத்தில் வெற்று ஆணிகளாகிவிட்டது. மோட்டார் போனதைவிட அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. அவளுடையதை எடுத்தவன் எல்லாருடையதையும் சேர்த்தல்லவா எடுத்துவிட்டான்.

மணி நாலே முக்கால். அவள் தன் இரண்டாவது சாவியையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். நர்ஸ் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் ஏறினார்கள். ஓரத்தில் சாய்ந்தவனை அவள் திட்டவில்லை. அவன் பயந்துபோய் தானாகவே நேராக உட்கார்ந்தான். அதிகாரி நோட்டில் நடையை எழுதி நேரத்தைப் போட்டார்.

அந்த மோட்டார் ஒருநாளும் முதல் இழுப்பில் கிளம்பியதில்லை. நாலு இழுப்பு, ஐந்து இழுப்பு, கூடவே அதற்கென்று தனியாக ஒரு திட்டு. அப்படித்தான் அது இருபது வருடம் ஓடியது. அவள் காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தாள்.

ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை. புது மோட்டார் போலச் சீராக உறுமியது.

கரையில் அண்ணன் நின்றான். அவன் தோளில் மோட்டார் அழுத்திய இடம் சிவந்து தெரிந்தது. படகு விலக விலக அவன் உருவம் சின்னதாயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் அன்றைக்குத் துறையில் பேசிக்கொண்டார்கள். நடு ஆற்றில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்ததை எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் மட்டும் பார்த்தாள்.

"என்னக்கா? மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதனாலதான்மா வயிறு எரியுது."